முதுகில் ஒன்று, வயிற்றில் ஒன்று

'இடுப்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று' என்று தமிழில் ஒரு பேச்சு வழக்கு உண்டு. அடுத்தடுத்துக் கருவுற்ற பெண்ணைப் பார்த்துச் சொல்லப்படுவது. சொல்பவரின் குரலில் இரக்கமும் இளக்காரமும் சம அளவில் கலந்திருக்கும். அதே நிலையில் இருக்கும் நகரத்துப் பெண் இன்று மகப்பேறு மருத்துவரிடம் வேறொரு கேள்வியைக் கேட்கிறார்: முதல் குழந்தையை பேபி கேரியரில் வைத்து முதுகில் சுமக்கலாமா? கேள்வி சிறியதாகத் தோன்றுகிறது. அதற்கான முழு விடையோ மருத்துவரின் அறைக்குள் இல்லை. செங்கற்சூளை, தேயிலைத் தோட்டம், ஆய்வு மாணவியர் விடுதி ஆகிய இடங்களில் அது சிதறிக் கிடக்கிறது.

முதலில் மருத்துவ விடை. சிக்கலற்ற கர்ப்பத்தில், தன் உடல் ஒத்துழைக்கும் வரையில், ஒரு பெண் தன் குழந்தையைச் சுமப்பதற்குப் பொதுத் தடை ஏதுமில்லை. கைகளில் ஏந்துவதைக் காட்டிலும் முதுகில் கட்டிக்கொள்வது பெரும்பாலும் எளிது. எடை உடலோடு ஒட்டியிருக்கிறது, வயிறு அழுத்தப்படுவதில்லை, கைகள் விடுபடுகின்றன. இடுப்புப் பட்டையை வயிற்றின் மேல் இறுக்கக் கூடாது. அதை வயிற்றுக்கு மேலே உயர்த்திக் கட்டலாம், அல்லது தோளிலேயே எடையைத் தாங்கும் துணியைப் பயன்படுத்தலாம். குனிந்து தரையிலிருந்து தூக்குவதற்குப் பதில் கட்டிலில் அமர்ந்தபடி குழந்தையை முதுகில் ஏற்றிக்கொள்வது நல்லது. மாதங்கள் ஏற ஏற உடலின் ஈர்ப்பு மையம் முன்னோக்கி நகர்கிறது, மூட்டு இணைப்புகள் தளர்கின்றன, கால் இடறும் வாய்ப்பு கூடுகிறது. இரத்தக்கசிவு, வயிறு இறுகுதல், தலைசுற்றல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் சுமையை உடனே இறக்கி மருத்துவரைப் பார்க்க வேண்டும். நஞ்சுக்கொடி கீழிறங்கியிருப்பவர்கள், கருப்பை வாய் பலவீனமானவர்கள், குறைப்பிரசவ அபாயம் உள்ளவர்கள் தொடக்கத்திலிருந்தே தவிர்க்க வேண்டும்.

எடைக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பணியிடத்தில் கர்ப்பிணிகள் எவ்வளவு தூக்கலாம் என்பதற்கு அமெரிக்க ஆய்வாளர்கள் 2013இல் ஒரு தற்காலிக வரையறையை வெளியிட்டார்கள். எப்போதாவது, உடலோடு ஒட்டித் தூக்குவதென்றால் 20 வாரங்கள் வரை ஏறத்தாழ 16 கிலோ, அதன் பின்னர் ஏறத்தாழ 12 கிலோ. நாள் முழுவதும் திரும்பத் திரும்பத் தூக்கும் வேலையென்றால் இந்த எண்கள் 8 ஆகவும் 6 ஆகவும் பாதியாகச் சரிகின்றன. நன்கு வளர்ந்த இரண்டு வயதுக் குழந்தையின் எடை சுமார் 12 கிலோ. அதாவது, மாலையில் பூங்காவுக்குப் போகும் அரை மணி நேரத்துக்கு முதுகில் ஏறும் குழந்தை வரையறையின் விளிம்பில் நிற்கிறது. எட்டு மணி நேர வேலையின் ஊடாகத் தூக்கி இறக்கிச் சுமக்கப்படும் அதே குழந்தை வரையறையை எப்போதோ தாண்டிவிட்டது. குழந்தையும் எடையும் ஒன்றே. ஒரு பெண்ணால் சுமையை இறக்கி வைக்க முடிகிறது, இன்னொரு பெண்ணால் முடியவில்லை. வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

'சிரமமாக இருந்தால் இறக்கிவிடுங்கள்' என்னும் மருத்துவ அறிவுரை, இறக்கி வைக்க ஓர் இடமும் ஏற்றுக்கொள்ள ஓர் ஆளும் இருப்பதாக முன்னரே அனுமானித்துக்கொள்கிறது. இந்தியாவில் முதுகில் குழந்தையோடு காணப்படும் கர்ப்பிணிகளில் பெரும்பாலோருக்கு அந்த இரண்டுமே இல்லை.

குழந்தையை முதுகில் கட்டுவது இந்நாட்டுக்குப் புதிதன்று. ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், ஒடிசா ஆகிய மாநிலங்களின் ஆதிவாசிப் பெண்கள் நீண்ட துணியால் குழந்தையை முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு நாற்று நடுகிறார்கள், விறகு சேர்க்கிறார்கள், சந்தைக்கு நடக்கிறார்கள். சாத்ரி மொழியில் அத்துணிக்கட்டுக்கு 'பேத்ரா' என்று பெயர். மிசோரமில் 'புவான்' என்னும் நெய்துணி அதே பணியைச் செய்கிறது. வடகிழக்கின் மலைக் கிராமங்களில் தாத்தாக்களும் அண்ணன்களும் குழந்தையை முதுகில் கட்டியிருக்கும் காட்சி அரிதன்று. தமிழ்நிலத்தில் தாய் குழந்தையைச் சுமக்கும் இடம் இடுப்பு. முதுகில் ஏற்றுவதற்கு 'உப்புமூட்டை' என்று விளையாட்டுப் பெயர் வைத்திருக்கிறோம். ஒரு நிலத்தில் விளையாட்டாக இருப்பது இன்னொரு நிலத்தில் உழைப்பின் கருவி என்பதை அந்தச் சொல்லே நினைவூட்டுகிறது.

இக்கருவி கடைச்சரக்கான வரலாறும் அறியத்தக்கது. 1960களின் தொடக்கத்தில் மேற்கு ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டில் தொண்டாற்றச் சென்ற ஆன் மூர் என்னும் அமெரிக்கச் செவிலியர், அந்நாட்டுத் தாய்மார் குழந்தைகளைத் துணியால் முதுகில் கட்டியிருப்பதைக் கண்டார். ஊர் திரும்பியதும் அதன் சாயலில் ஒரு பையை உருவாக்கி 1969இல் காப்புரிமை பெற்றார். இன்று சந்தையிலிருக்கும் மென்துணிக் கேரியர்கள் பலவும் அந்த வழியில் வந்தவை. ஏழைப் பெண்ணின் முதுகில் இருக்கும்போது வறுமையின் புகைப்படமாகப் பார்க்கப்படும் துணி, கொக்கியும் பஞ்சுப் பட்டையும் சேர்ந்து விலைச்சீட்டு ஒட்டப்பட்டதும் அறிவார்ந்த குழந்தை வளர்ப்பு முறையாகிவிடுகிறது. முதுகில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு குதிரையேறும் ஜான்சி ராணியின் சிலைகளை ஊர்தோறும் நிறுவி வணங்கும் நாடு, அச்சிலைப் பீடத்தைக் கட்ட மணல் சுமந்த சித்தாளின் முதுகை ஏறிட்டுப் பார்ப்பதில்லை.

அந்த முதுகு எத்தகைய உடலுக்குச் சொந்தமானது என்பதைப் புள்ளிவிவரங்கள் சொல்கின்றன. டயான் காஃபி 2015இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தியப் பெண்களில் 42.2 விழுக்காட்டினர் கருவுறும் தருணத்திலேயே எடை குறைந்தவர்கள். சகாராவுக்குத் தெற்கிலுள்ள ஆப்பிரிக்க நாடுகளில் இது 16.5 விழுக்காடு. இயல்பான எடையுள்ள பெண் கர்ப்ப காலத்தில் 11 முதல் 16 கிலோ வரை கூட வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை. எடை குறைந்தவர் அதற்கும் மேலே கூட வேண்டும். இந்தியப் பெண்களுக்கோ சராசரியாக ஏறத்தாழ 7 கிலோ மட்டுமே கூடுகிறது. ஜான் டிரீஸ் உள்ளிட்டோர் 2019இல் ஆறு மாநிலங்களின் கிராமங்களில் நடத்திய 'ஜச்சா-பச்சா' கணக்கெடுப்பில், பேறு நாள் வரை வேலை செய்ததாகக் கூறிய பெண்கள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர். தன் கர்ப்பம் முழுவதற்கும் 7 கிலோ கூடிய ஓர் உடல், நாள்தோறும் 10 கிலோ எடையுள்ள முதல் குழந்தையை முதுகில் தாங்குகிறது. இங்கே துணியைக் குற்றம் சொல்வதில் பொருளில்லை. உடற்கூற்றியல் பார்வையில் அத்துணி அவளுக்கு உதவியே செய்கிறது: குழந்தையைக் கையில் ஏந்தி நடப்பதற்குத் துணியில் கட்டி நடப்பதைவிடச் சராசரியாக 16 விழுக்காடு கூடுதல் ஆற்றல் செலவாகிறது என்று 2007இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அரை வயிற்றோடு உழைப்பவளுக்கு அந்த 16 விழுக்காடு ஒரு கவளச் சோறு.

அப்படியானால் அவள் குழந்தையை எங்கே இறக்கி வைப்பாள்? அங்கன்வாடி என்று பலரும் சொல்வார்கள். ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975இல் தொடங்கியது. அதன் அமைப்பில் மூன்று வயது முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளுக்குத்தான் முன்பருவக் கல்வியும் சுடச்சுட உணவும் மையத்திலேயே கிடைக்கும். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைக்கு வீட்டுக்கு எடுத்துச் செல்லும் சத்துமாவுப் பொட்டலமே உண்டு. குழந்தை யாரிடம் இருக்கும் என்ற கேள்வியை அந்தப் பொட்டலம் தீர்ப்பதில்லை. ஊட்டச்சத்துக் குறைபாடு ஆழ வேரூன்றுவதும் இந்த வயதில்தான், தாயின் முதுகில் இருப்பதும் இந்த வயதில்தான்.

'இடைவெளி விட்டுப் பெற்றுக்கொள்ளக் கூடாதா?' என்ற கேள்வி உடனே எழும். நியாயமான கேள்விதான், கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு பேற்றுக்கும் அடுத்த கருத்தரிப்புக்கும் இடையே குறைந்தது 24 மாதங்கள் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதை நாள் தவறாமல் பின்பற்றும் பெண்ணின் முதல் குழந்தைக்கு, இரண்டாவது பேறு நிகழும் நாளில் வயது 33 மாதங்கள். அங்கன்வாடியின் மூன்று வயது வாசலுக்கு இன்னும் மூன்று மாதங்கள் மிச்சம். அறிவுறுத்தப்பட்ட அனைத்தையும் செய்தவளும் தன் இரண்டாவது கர்ப்பம் முழுவதையும் மூன்று வயது நிரம்பாத குழந்தையோடுதான் கழிக்கிறாள். இது அவளுடைய திட்டமிடலின் பிழையாக இருக்க முடியாது. அமைப்பே அப்படி வகுக்கப்பட்டிருக்கிறது.

பணியிடக் காப்பகங்கள் காகிதத்தில் ஏராளம். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யுமிடத்தில் காப்பகம் வேண்டும் என்றது. தோட்டத் தொழிலாளர் சட்டம் 50 பெண்கள் அல்லது அவர்களுடைய 20 குழந்தைகள் என்று வரம்பு வைத்தது. 1996ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டம் 50 பெண்களுக்கு மேல் என்றது. மகப்பேறு நலச் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தம் 50 ஊழியர்கள் உள்ள நிறுவனங்களைக் காப்பகம் அமைக்கப் பணித்தது. 2020இல் இயற்றப்பட்ட சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அதே ஏற்பாட்டை ஏற்றுக்கொண்டது. இவற்றில் பெரும்பாலானவை தொழிலாளரின் தலைகளை எண்ணுகின்றன. தலை எண்ணிக்கையைக் குறைப்பதோ ஒப்பந்ததாரருக்குக் கைவந்த கலை. ஒரு கட்டடத்தை ஆறு மேஸ்திரிகளுக்குப் பிரித்துக் கொடுத்தால் எந்த மேஸ்திரியிடமும் 50 பெண்கள் இருக்கமாட்டார்கள். செங்கற்சூளையில் கூலி கணவன் பெயரில் எழுதப்படுவதால் மனைவி கணக்கிலேயே வருவதில்லை. அசாமின் தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் கூலிக்கு ஏறத்தாழ 24 கிலோ கொழுந்து பறிக்க வேண்டும். முதுகு கூடைக்குப் போய்விட்ட பிறகு குழந்தைக்கு அங்கே இடமில்லை.

இடமில்லாத குழந்தை மூத்த மகளின் இடுப்புக்கு மாறுகிறது. 'கர்ப்பிணி சுமை தூக்கக் கூடாது' என்ற அறிவுரையை ஓர் ஏழைக் குடும்பம் முழுமையாகக் கடைப்பிடித்தால், அதன் விலையை எட்டு வயதுச் சிறுமி பள்ளி வருகைப் பதிவேட்டில் செலுத்துகிறாள். சுமை குறைவதில்லை, தோள்தான் மாறுகிறது. பெண்களின் நலம் குறித்த பல அறிவுரைகள் இப்படித்தான் இன்னொரு பெண்ணின் தோளில் போய் முடிகின்றன.

செய்ய முடியாத காரியமா இது? 1969இல் தில்லி ராஜ்காட்டில் காந்தி நூற்றாண்டுக் கண்காட்சிக்கான கட்டுமானம் நடந்தபோது, கற்குவியல்களுக்கிடையே கிடந்த குழந்தைகளைக் கண்ட மீரா மகாதேவன் அங்கேயே ஒரு கூடாரத்தில் காப்பகம் தொடங்கினார். 'மொபைல் க்ரெஷஸ்' அமைப்பு அப்படித்தான் பிறந்தது. கட்டடம் நகரும்போது காப்பகமும் நகரும். சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்து வனக் கிராமங்களில் ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக் மருத்துவக் குழு, ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளுக்காக 'புல்வாரி' என்ற ஊர்க் காப்பகங்களை நடத்திக் காட்டியது. மருத்துவர்கள் மருந்துச் சீட்டோடு நிற்காமல் காப்பகமும் அமைத்ததுதான் அதன் சிறப்பு. ஒன்றிய அரசின் தேசியக் காப்பகத் திட்டம் இன்று 'பால்னா' என்ற பெயரில் இயங்குகிறது. திட்டத்தின் பெயர் மாறிய அளவுக்கு அதன் பரப்பு விரியவில்லை.

இனி, பேசப்படாத பகுதிக்கு வரலாம். கர்ப்பிணியின் முதுகில் ஒரு குழந்தை இருக்கிறது என்றால் அது அவளுடைய இரண்டாவது அல்லது அதற்குப் பிந்தைய கர்ப்பம். நமது நலத்திட்டங்கள் கையை இழுத்துக்கொள்ளும் எல்லை அதே இடத்தில்தான் இருக்கிறது. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், அரசுப் பணி போன்றவற்றின் வழியே அப்பயனைப் பெறுவோர் நீங்கலாக, ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் குறைந்தது 6000 ரூபாய் உரிமை என்றது. அதை நிறைவேற்ற வந்த பிரதமரின் மாத்ரு வந்தனா திட்டம் 2017இல் தொகையை 5000 ஆக்கி, முதல் குழந்தைக்கு மட்டும் என்று சுருக்கியது. 2022 முதல் இரண்டாவது குழந்தைக்கும் 6000 ரூபாய் உண்டு. ஆனால் அது பெண்ணாகப் பிறக்க வேண்டும், பணமும் பிறந்த பிறகே வரும். ஆகவே இரண்டாவது கர்ப்பத்தின் ஒன்பது மாதங்களில், வயிற்றில் ஒன்றும் முதுகில் ஒன்றுமாக அவள் நடக்கும் காலத்தில், அத்திட்டம் அவளுக்கு ஒரு ரூபாயும் தருவதில்லை. ஒடிசாவின் 'மமதா' திட்டமும் தமிழ்நாட்டின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டமும் இரண்டு பேறுகளுக்கு உதவுகின்றன. ஒன்றிய அரசால் முடியாததன்று என்பதற்கு அவையே சான்று.

மக்கள்தொகைக் கட்டுப்பாடு என்ற பழைய அச்சமே இச்சுருக்கத்தின் வேர். ஆனால் இரண்டாவது குழந்தையோடு நிறுத்திக்கொள்ளும் குடும்பத்தை இந்தியாவின் மக்கள்தொகைக் கொள்கை மிகையெனச் சொல்லியதில்லை. மகப்பேறு விடுப்பு இனப்பெருக்க உரிமையின் ஒரு பகுதி என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் கூறியது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு, ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் உண்டு என்று எண்ணிக் காட்டி விடுப்பு மறுக்கப்பட்ட வழக்கு அது. எண்ணிக்கையைக் கொண்டு உரிமையை அறுக்க முடியாது என்ற அந்த நியாயம் விடுப்பு பெறக்கூடிய வேலையில் இருப்பவர்களை மட்டும் தொட்டு நின்றுவிடக் கூடாது.

பல்கலைக்கழக வளாகங்கள் இவற்றுக்கு அப்பாற்பட்டவை என்று எண்ண இடமில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு விதிமுறை, முனைவர் பட்ட ஆய்வாளருக்கு மகப்பேறு அல்லது குழந்தைப் பராமரிப்பு விடுப்பாக 240 நாள் வரை, முழு ஆய்வுக் காலத்திலும் ஒரே ஒரு முறை வழங்கலாம் என்றது. 2022ஆம் ஆண்டு விதிமுறையும் அதே 240 நாளையே முழுக் காலத்துக்கும் உச்ச வரம்பாக வைத்தது. முதல் பேற்றில் அதைச் செலவிட்டவர் இரண்டாவது பேற்றுக்கு என்ன செய்வார்? ஆய்வாளர் ஊழியர் அல்லர் என்பதால் 50 ஊழியர் கணக்கிலும் அவர் வரமாட்டார். பல விடுதிகளில் குழந்தைக்கு இடமில்லை. நூலகத்திலும் ஆய்வகத்திலும் இல்லை. கள ஆய்வுக்கு முதுகில் குழந்தையோடு செல்லும் ஆய்வாளரை 'என்ன துணிச்சல்!' என்று வியந்து பாராட்டும் துறைகள், அந்தத் துணிச்சலுக்குத் தேவையே இல்லாமல் ஆக்கும் ஒரு சிறு அறையைத் திறந்து தர முன்வருவதில்லை. உழைக்கும் பெண்களைப் பற்றிக் கருத்தரங்கு நடக்கும் கட்டடத்திலேயே இந்நிலை நீடிப்பது சமூக அறிவியலுக்குப் பெருமை சேர்க்காது.

தந்தையர் எங்கே என்ற கேள்வியும் எஞ்சியிருக்கிறது. ஒன்றிய அரசின் ஆண் ஊழியருக்குத் தந்தைமை விடுப்பு 15 நாள். தனியார் துறையில் அதைக் கட்டாயமாக்கும் சட்டம் இல்லை. ஒன்றிய அரசின் 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு பெண் ஊழியருக்கும் மனைவியற்ற ஆண் ஊழியருக்கும் மட்டுமே. மனைவி இருக்கும் வரை குழந்தையின் எடை ஆணுடையதன்று என்று விதியே எழுதி வைத்திருக்கிறது. கேரியரின் பட்டையை நீளம் கூட்டினால் எந்த முதுகுக்கும் பொருந்தும். விதியின் பட்டையைத்தான் யாரும் தளர்த்தவில்லை.

முதுகில் குழந்தையைக் கட்டும் வழக்கைக் காலாவதியான பழக்கம் என்று ஒதுக்குவதும், மண்ணின் மரபு என்று மெச்சி அங்கேயே நின்றுவிடுவதும் அப்பெண்ணை எதுவும் கேட்காமல் கடந்துபோகும் இரு வழிகள். அவள் விரும்பிச் சுமப்பதற்கும் வேறு வழியின்றிச் சுமப்பதற்கும் இடையிலுள்ள தூரத்தைத்தான் கொள்கை அளக்க வேண்டும். அதற்கான கோரிக்கைகள் தெளிவானவை. காப்பகத்துக்கான வரம்பு பெண் தொழிலாளரின் எண்ணிக்கையை விட்டு, அப்பகுதியிலுள்ள மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கையில் அமைய வேண்டும். மகப்பேற்று உதவி, சட்டம் சொன்னபடி, ஒவ்வொரு கர்ப்பத்துக்கும், கர்ப்ப காலத்திலேயே கிடைக்க வேண்டும். ஆய்வாளரின் விடுப்பு ஒவ்வொரு பேற்றுக்கும் தனித்தனியாகக் கணக்கிடப்பட வேண்டும். பராமரிப்பு விடுப்பில் தந்தைக்குச் சம பங்கு வேண்டும். கர்ப்பிணியின் மருத்துவ அட்டையில் இரத்த அழுத்தம், எடை, ஹீமோகுளோபின் ஆகியவற்றுக்கு அடுத்து ஒரு வரி சேர வேண்டும்: 'மூத்த குழந்தையைப் பகலில் யார் பார்த்துக்கொள்கிறார்கள்?' அந்த வரிக்கு எதிரே 'யாருமில்லை' என்று எழுதப்படும் ஒவ்வொரு அட்டையும் அவ்வூரில் ஒரு காப்பகத்துக்கான விண்ணப்பமாகக் கொள்ளப்பட வேண்டும்.